படுத்தால்தான் செல்லும்

செம்மண்டலத்தில் போர்டு இருந்தது, டாக்டர் இல்லை.
மஞ்சக்குப்பத்தில் டாக்டர் இருந்தார்.
கவுன்ட்டர் பெண் காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்து
"இது அட்மிட் ஆகிப் படுத்தாதான் செல்லும்க்கா" என்றாள்.
இருமலுக்கு யார் படுப்பது?
இரண்டு மணிக்கு சிப்காட்டில் ஷிப்ட்.

திருப்பாதிரிப்புலியூரில் கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் போய்முடியும்வரை
அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
கண் சிமிட்டும்போது எடுத்த படம்;
உறங்குகிறவள் மாதிரி இருக்கிறேன்.
படுத்துத்தான் இருக்கிறேன், பாரம்மா என்று
அவளிடம் காட்டியிருக்கலாம்.

முதுநகரில், மீன் லாரி திரும்பும் சந்தில்
டாக்டர் ஹமீதா.
அட்டை வாங்கமாட்டார். எழுபது ரூபாய்.
முதுகில் குழல் வைக்குமுன்
என் நகக்கண்ணின் நீலத்தைப் பார்த்தார்.
"சாயப் பவுடரா? எத்தனை வருஷமா?"

யாரும் கேட்டதில்லை.
எண்ணிச் சொல்ல நேரம் பிடித்தது.
வெளியே
டோக்கன் பதினாறு இருமியது.