பினோ சுவாரெஸில் வெளியேறும் வழி

ஒன்பது வருஷமாய் இந்த நிலையத்தில்
இறங்கி ஏறியிருக்கிறேன்.
இளஞ்சிவப்புத் தடத்திலிருந்து நீலத் தடத்துக்கு
ஓட்டமும் நடையுமாய் நாலு நிமிஷம்.
மழை நாளில் என்றால் ஐந்து.
தலைக்கு மேலே ஒரு ஊர் இருப்பதாகக்
கேள்விப்பட்டதோடு சரி.

"நாலு மணிக்கு வாங்க, செனோரா ஒப்துலியா.
இங்கேயே உட்கார்ந்திருந்தால்
உங்களுக்கும் ஒரு கட்டில் போட வேண்டிவரும்"
என்று அனுப்பிவிட்டாள் நர்ஸ் நெரெய்தா.
ஐந்நூறு வருஷமாய் மூடாத ஆஸ்பத்திரியாம் அது.
என் ஒருத்தியின் முகத்தைப் பார்த்தா
பதறப்போகிறார்கள்?

ஃபெர்மினுக்கு டயர் ஒட்டும் கடை.
ஊருக்கெல்லாம் காற்றடித்தவன் நெஞ்சில்
நீர் கோத்துக்கொண்டது.
முன்பணம் கட்ட கம்ப்ரெசரை விற்றோம்.
காற்று வாங்கப் போகிறோம் என்று
பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.
பொய்யில்லை.

எதிரே அருங்காட்சியகம், பழைய பிரபுவின் மாளிகை.
அதன் மூலைக்கல்லாய் ஒரு பாம்புத் தலை,
இடித்த கோயில் எதிலிருந்தோ பெயர்த்து வந்தது.
மொத்த வீடும் அதன் பிடரியில் உட்கார்ந்திருக்க
வாயை மட்டும் இன்னும் மூடவில்லை.
காலுறை விற்கும் பையன் அதன் அருகே
குளிர்பானக் குப்பியை நிழலுக்கு வைத்திருந்தான்.
உள்ளே போகவில்லை.
டிக்கெட் விலையைப் பார்த்தேன்,
கடிகாரத்தைப் பார்த்தேன்,
இரண்டும் நகரவில்லை.

சான் மிகேல் கோயிலில்
யாரோ பாதியில் விட்டுப்போன மெழுகுவத்தியை
மறுபடி ஏற்றினேன்.
கணக்குக் கேட்டால்
சில்லறை இல்லை என்பேன், அவருக்குத் தெரியும்.

வெயில் தாங்காமல் கீழே இறங்கினேன்.
சோகலோ வரைக்கும் நீளும் சுரங்கம்,
இரு பக்கமும் புத்தகக் கடைகள்.
சமையல், சட்டம், கனவுக்குப் பலன்,
பள்ளிக்கூடத்து உடற்கூறுப் படநூல் ஒன்று.
பிரித்த பக்கத்தில் நுரையீரல்:
தலைகீழாய் நட்ட மரம் இரண்டு.
எங்கே தண்ணீர் தேங்கும் என்று
இலை இலையாய்த் தேடிக்கொண்டிருந்தேன்.
கடைக்காரர் திமோதியோ
ஒரு முறை இருமினார், இன்னொரு முறை இருமினார்,
பிறகு எனக்காகத் தன் முக்காலியைத் தள்ளிவிட்டார்.
"ஒரு பக்கம் மட்டும் விற்பதில்லை, அம்மா.
பார்க்கக் காசில்லை."

அப்புறம் அது.

தடம் மாறும் நடைகூடத்தில், நான் ஓடும் அதே வழியில்,
திறந்த வானத்தின் கீழே
ஒரு வட்டக் கல்மேடை.
நிலையத்தின் சின்னமாய்ப் பெட்டிக்குள் ஒட்டியிருப்பார்கள்.
ஒன்பது வருஷமாய் அதைக்
கேக் என்றல்லவா நினைத்திருந்தேன்!
ரயிலுக்குத் தோண்டும்போது கிடைத்ததாம்.
காற்றுச் சாமிக்குக் கட்டியதாம்.
எஹெகாத்ல்.
பேரைச் சொல்லவே கொஞ்சம் மூச்சு செலவாகிறது.
மூலை வைத்தால் காற்றுக்கு இடிக்கும் என்று
வட்டமாய்க் கட்டினார்களாம்.
யாருக்குத் தோன்றியிருக்கும்
காற்றுக்கு வலிக்குமென்று?

அடியில் எங்கோ ரயில் வந்தது.
அது தள்ளிவிட்ட காற்று
நடைகூடம் முழுக்க நடந்து வந்து
என் பாவாடையைப் புடைத்துவிட்டு
மேடையை ஒரு சுற்றுச் சுற்றி
யார் மேலும் படாமல் மேலே போனது.
எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.
முந்தாநாள் வரை அதில் நானும் ஒருத்தி.

நாலேகாலுக்குக் கண் திறந்தான் ஃபெர்மின்.
விலாவிலிருந்து ஒரு குழாய்,
கட்டிலடியில் ஒரு பாட்டில்.
"எங்கே போயிருந்தே?"
"ஊர் சுற்ற.
கீழே உன் தொழில்காரர் ஒருத்தர் இருக்கார்.
கடை வட்டமா இருக்கு.
கம்ப்ரெசர் இல்லாமலே அடிக்கிறார்."

"சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரியும்"
என்று நெரெய்தா அதட்டுவதற்குள்
கட்டிலடியில் அந்தப் பாட்டில்
களுக் களுக்கென்று
குமிழி விட்டது.
பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டியில்
அவன் ட்யூபை அமுக்கும்போது வருமே,
அதே மாதிரி.