ரீடிங்

நாகலூர் ரோட்டு ஷெட்டில் மட்டும்
மீட்டரின் கடைசி எண்
கண்ணுக்கு நிற்பதில்லை.
எட்டாயிரத்துச் சொச்சம் யூனிட்.
எழுதிவிட்டு இன்னொரு முறை பார்த்தேன்.

'மாவு மில்லா வச்சிருக்கீங்க?'
'காயின் தோண்டுறோம் மேடம்' என்றான் டெரன்ஸ்.

இருபது கொண்டை ஊசிக்குக் கீழே
வெள்ளைக்கல் தோண்டிய குழி
பஸ்ஸிலிருந்தே தெரியும்.
மழைக்குத் தண்ணீர்கூட நிற்கும்.
இங்கே குழி எங்கே?

உள்ளே ஆறு மெஷின்.
காற்றாடி இரைச்சலில்
அவனும் கூட்டாளி குழந்தைவேலுவும்
கத்தித்தான் சண்டை போடுகிறார்கள்.

'எவன் முத்திரையும் இல்லை.
ராத்திரியோட ராத்திரியா
செல்லாதுன்னு எவனும் சொல்ல முடியாது.'

'எவன் முத்திரையும் இல்லை. அதான்
பேக்கரியில பன்னுக்குக்கூடச் செல்லலை.'

எனக்குத் தெரிந்த வழக்கு ஒன்றுதான்:
இது வீட்டு இணைப்பு.
கடை ரேட்டுக்கு மாற்றணும்.

அளவு பார்க்கப் பின்பக்கம் போனேன்.
சூட்டை வெளியே தள்ளும் ஜன்னலுக்கு நேரே
தை பிறந்தும் விடாத பனியில்
காயாமல் கிடந்த மிளகைக்
கோணியில் பரப்பிக்கொண்டிருந்தாள் செல்லக்கிளி.
'ரெண்டே நாள்ல கறுத்துச் சுருண்டுடுதுக்கா.
அவங்க காசு ஏறுதோ இறங்குதோ,
மெஷினை மட்டும் நிறுத்திடச் சொல்லாதீங்க.'

ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

பாரத்தில் 'பயன்பாடு' என்றொரு கட்டம்.
'உலர்த்துதல்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'வணிகம்' என்று எழுதி,
அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உள்ளே இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கடைசி பஸ் வரும்வரை
நாக்கு எரிந்தது.