அங்கே

டாக்டர் ஊதாப் பேனாவால்
தொடையிடுக்கில் கோடு போட்டார்,
ஃபேக்டரியில் துணிமேல் நான்
சாக்கட்டியால் போடுவதுபோல.
கோட்டுக்கு உள்ளே நல்ல துணியும்
கொஞ்சம் போகும் என்றார்.

பதினொரு வருஷம்.
ஒன்று பழுத்து உடையுமுன்
பக்கத்தில் இன்னொன்று.
மஞ்சள், டெட்டால், உப்புத் தண்ணீர்.
"நல்லாக் குளிக்கிறியா நீ?"
நாத்தனார் ரூக்மோனி.
சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் வரை
சீட் காலியிருந்தும் நின்றே போனேன்.
கறுப்புப் பாவாடைகளாகவே வாங்கினேன்.

வீட்டில் அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது.
அம்மா சொல்வாள்: அங்கே.
எங்கே வலி என்று கேட்ட டாக்டரிடமும்
அதைத்தான் சொன்னேன்,
அவருக்குத் தமிழ் தெரியாது.

கட்டைப் பிரித்தாள் நர்ஸ் லெங்கிவே.
மூக்கைச் சுளிக்கவில்லை.
குனிந்து,
அடுப்பில் சோறு பார்ப்பதுபோல் பார்த்து,
"நல்ல சிவப்பு" என்றாள்.

தைக்க மாட்டார்களாம்.
அடியிலிருந்து சதை
தானே ஏறி வரணுமாம், மாதக்கணக்கில்.
இருபது வருஷம் மெஷினில்
ஊரார் கிழிசலையெல்லாம் மூடியவள்
திறந்து கிடக்கிறேன்.
சிரித்தால் இழுக்கிறது.

ஒன்பதாவது வாரம்
ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு பள்ளத்திலும் வலித்தது.
எழவில்லை.

இடது பக்கம்
மார்ச்சில்.