மூன்று மடங்கு போதும்

முப்பது மடங்கு இழுக்கும் என்று
மூக்கு நீண்ட கேமராவை எடுத்து வைத்தார்
மணிமேடைக் கடைக்காரர் ததேயு.
நிலாவில் குழி தெரியுமாம்.

இழுக்கிற வேலைக்கு வேறு ஆள் இருக்கிறது என்று
பையைத் திறந்து
தொலைநோக்கியை முக்காலியோடு
அவர் மேசையில் நிறுத்தினேன்.

இதன் பின்னால் நின்று பார்க்க
எனக்கொரு சின்னக் கண் வேண்டும்.
லென்ஸ் அகலம் குறைவாய்,
முன்னே நீண்டு வந்து முட்டாததாய்,
பொத்தானை அழுத்தினால் இரண்டு நொடி பொறுப்பதாய்.
என் விரல் நடுங்கினால்
உப்பளத்தின் அக்கரை வரை நடுங்கும்.

ஒவ்வொன்றாய்த் தந்தார்.
ஒவ்வொன்றிலும்
எதிர்க்கட்டடத்துப் பல் ஆஸ்பத்திரிப் பலகை
கறுப்பு வளையத்துக்குள்
கிணற்றுத் தண்ணீராய்க் கிடந்தது.

கடைசியில் இழுப்பறையின் அடியிலிருந்து
யாரோ கல்யாணத்துக்கு வாங்கி
விற்றுப்போட்ட ஒன்று.
மூன்றே மடங்கு. மூடியில் கீறல்.
வளையம் ஓரத்துக்கு நகர்ந்து காணாமல் போனது.
பலகைமேல் இருந்த காக்கையின்
அலகடி மயிரை எண்ணிப் பார்த்தார் ததேயு.
"இதுக்கா மக்கா ரெண்டாயிரம் தாறிய?"
அவரே ஐந்நூறு குறைத்தார்.

மறுநாள் விடியலில் புத்தளம்.
வெள்ளை வரப்பில் ஓர் உப்புக்கொத்தி
ஓடும், நிற்கும், ஓடும்.
நாற்பத்தொரு படம்.
நாற்பதில்
அது நின்றிருந்த இடம் மட்டும்,
உப்புப்பரல் தெரியும் துல்லியத்தில்.

ஒன்றில் பாதி வால், ஒரு கால்,
பின்னால் கலங்கலாய்
வாருபலகையோடு லீமாரோஸ்.
அசையாதே என்று நான் கத்தியது
அவளுக்குத்தான் கேட்டிருக்கிறது.