முப்பத்தெட்டு

தாளில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.
"உடம்புச் சூடு இதைத் தொட்டால்
நடு இரவானாலும் என்னைக் கூப்பிடுங்கள்."
யாஞ்சின்லாம் தலையாட்டினார்.

பதினாறு ஆண்டுகளாக இந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டுதான்
அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருக்கிறேன்.
உலான்பாத்தரில், புகைபோக்கிகளைப் பார்த்த மூன்றாம் மாடியில்,
கோப்பில் ஒரே வரி:
நோயாளிக்கு விளக்கப்பட்டது. கீழே என் கையெழுத்து.

அன்றும் எல்லாம் சொல்லியிருந்தேன்.
சிவப்பு மருந்து ஏறிய நாளில் சிறுநீர் சிவக்கும், பயப்படாதீர்கள்.
முடி தலையணையில் தங்கிவிடும்.
வாய் புண்ணானால் சோடா உப்புத் தண்ணீர்.
காய்ச்சாத பால் வேண்டாம், ஐராக் வேண்டவே வேண்டாம்.
"ஒரு மிடறு?" என்றார்.
"அரை மிடறும் கூடாது."
புளித்த குதிரைப்பாலை ஊரே மெச்சும் வீட்டுக்காரர், தோர்லிக்,
தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்துப் பம்பு நின்று போனது.
சரிசெய்ய ஆள் வரும்வரை கைக்கு வேலையில்லை.
சும்மாதான் கேட்டேன்:
"எப்போது கூப்பிடுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்."

"முப்பத்தெட்டுக்கு இறங்கியதும்."

இறங்கியதுமா?

"ஆடு முப்பத்தொன்பதில்தானே நலமாக நிற்கும்?
முப்பத்தெட்டுக்கும் கீழே போகிற சினையாட்டைக்
கூடாரத்துக்குள் தூக்கிவந்து அடுப்போரம் கிடத்துவோம்.
எனக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்."

"நாற்பது வந்தால்?"

"ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம்."

பேனா மூடியைத் தேடினேன்.
அது என் கையிலேயே இருந்தது.
என் சிவப்பு வட்டத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
புல்வெளிக்குப் போனவர்கள்,
அடுத்த தவணைக்கு வராதவர்கள்,
அவர்கள் கோப்புகளிலும் அதே வரி, அதே கையெழுத்து.
மனிதரைவிட ஆடுகள் பல மடங்கு மிகுந்த நாடு இது.
எனக்குத் தெரியாதா என்ன?

விதியை மீறிக் கட்டிலில் உட்கார்ந்தேன்.
"அக்கா, நீங்கள் ஆடில்லை."
தையல் போட்ட பக்கத்தை அழுத்திக்கொண்டு சிரித்தார்.
சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்,
பிறகு மறுபடி முதலிலிருந்து.
உங்கள் நலம் முப்பத்தாறரை.
மருந்து, புற்றைக் கொல்லும்போதே
காவலுக்கு நிற்கும் வெள்ளணுக்களையும் கொல்லும்.
பத்தாம் நாள் வாக்கில் அவை மிகவும் குறைந்திருக்கும்.

"அப்படியென்றால் பத்தாம் நாள்
நாயில்லாத மந்தை" என்றார்.

என் பாடப்புத்தகத்தில் இந்த வாக்கியம் இல்லை.

அதற்குப் பிறகு அவர்தான் கேள்வி கேட்டார்.
கைப்பேசி குன்றின் உச்சியில் மட்டுமே பேசும்,
இரவில் காய்ச்சல் வந்தால் யார் ஏறுவது?
பள்ளிப் பையனைப்போலக் கை தூக்கினார் தோர்லிக்.
ஐராக் கிண்ணத்தை நீட்டும் விருந்தாளிக்கு என்ன சொல்வது?
அதற்கு என்னிடம் பதிலில்லை.
"தாதி திட்டுவாள் என்று சொல்லுங்கள்" என்றேன்.
காய்ச்சல் மாத்திரையை முதலில் போட்டால்
வெப்பமானி பொய் சொல்லும் என்றேன்.
அதைத் திருப்பிச் சொன்னார், இரண்டு முறை,
இரண்டாம் முறை தோர்லிக்கிடம், கொஞ்சம் அதட்டலாக.

ஒன்பதாம் இரவு, இரண்டேகால் மணி.
கைப்பேசியில் முதலில் காற்றுதான் பேசியது.
"முப்பத்தேழு புள்ளி எட்டு. இன்னும் இரண்டு குறைகிறது.
ஆனால் நடுங்குகிறாள்.
இங்கேயே, என் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.
காத்திருக்கட்டுமா?"

"வேண்டாம். சோம் மருத்துவமனைக்குப் போங்கள்,
நீங்கள் சேரும்முன் அவர்களை எழுப்புகிறேன்."

மோட்டார் சைக்கிள் இருமிக் கிளம்பியது.
அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார்.
சரளைக்கல் தெறிப்பதை,
"மெதுவாகப் போ, நான் ஆடில்லை" என்ற குரலைக்
கேட்டபடி நின்றேன்,
குன்று முடியும்வரை.