மூட்டைக்கு ரோடு தெரிய வேண்டியதில்லை

மஞ்சு மில்களில் அளப்பது என் வேலை.
தேங்காய்த் தூளைத் தண்ணீரில் ஊறவைத்து
உப்பு எவ்வளவென்று மீட்டரில் பார்த்து
தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
ஐந்து மாதமாக மழை இல்லை.
கார்க் கண்ணாடியில் பழுப்பாய்ப் படிகிற தூளை
இறங்கித் துடைக்கச் சோம்பல்.
வைப்பரைத் தட்டிவிடுவேன், வறட்டுக் கண்ணாடியில்
இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம்.
ரப்பர் தேய்ந்தது அதில்தான்.

ஆனி பிறந்து மூன்றாம் நாள்
பெதப்பம்பட்டியில் சாம்பிள் கட்டிக் கிளம்பும்போது
காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் திருப்பியிருந்தன.
பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்த சாரல்
விழவில்லை, படுத்தபடி வந்து மோதியது.
தட்டிவிட்டேன்.
தூளும் தண்ணீரும் கலந்து
கண்ணாடி முழுக்கக் கடுங்காப்பி.
நாலாவது வீச்சில் வலப்பக்கத்து ரப்பர் கிழிந்து
ஓணான் வாலாய்த் தொங்கியது,
என் கண்ணுக்கு நேரே கிறுக்கியது.
பிறகு கம்பி உரசும் சத்தம்.
பல் கூசியது.

ஒரே ஒரு பஞ்சர் கடையில் விளக்கு.
டயரில் வெள்ளைப் பெயின்ட்டால் ‘குப்புராஜ்’.
கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்து வந்தவர்
‘ஏனுங்க, இதுலயா ஓட்டிட்டு வந்தீங்க?’ என்றார்.
‘பிளேடு கெடைக்குங்களா?’
‘லாரி டியூப் வேணும்னா இருக்குதுங்க.’

சித்தெ நேரம் காரைச் சுற்றினார்.
உள்ளே எட்டிப் பார்த்தார்.
இடது சீட்டில் பெல்ட் போட்டு
உட்கார்ந்திருந்தது சாம்பிள் மூட்டை.
போடாவிட்டால் கார் கத்தும்.
‘மூட்டைக்கு ரோடு தெரிய வேண்டியதில்லீங்களே.’

கையை நிமிர்த்தினார். பிளேடைக் குறுக்கே திருப்பி
நாக்கை அமுக்கி, கீழே ஒரு தள்ளு.
‘கையப் புடிச்சுக்கங்க அம்மிணி, வுட்றாதீங்க,
ஸ்பிரிங்கு அடிச்சா கண்ணாடி போயிரும்.’
இரண்டு நிமிஷம் மழையில் நின்று
அந்த வெறுங்கையைப் பிடித்திருந்தேன்.
விரல் தடிமன்தான்.
என்னைவிடப் பலம்.

இடதில் இருந்தது வலதுக்கு வந்தது.
மூன்று அங்குலம் குறைவு, ஆனால் கிழியாதது.
டிக் என்றது.
மொட்டையாய் நின்ற இடது கையில்
பனியன் வேஸ்ட் சுற்றிக் கட்டினார்.
குழந்தைச் சட்டைக்கு அச்சடித்துப்
பிசகிப்போன திருப்பூர்த் துணி.
ஒற்றைக் கண், ஒரு காது,
பாதிக் கரடி.
‘இருவது ரூவா குடுங்க. துணிக்குத்தானுங்க.’

வலப்பக்கம் எனக்குத் தெளிவாய் ஒரு ஜன்னல்.
இடப்பக்கம் வெறும் தண்ணீர்,
அதில் கரடி கையாட்டிக்கொண்டே வந்தது,
இருட்டில் ஒருவருமில்லாத தோப்புகளுக்கு.
இடப்பக்கம் நான் இவ்வளவு பார்த்து ஓட்டுவேன்
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
ஷிப்ட் முடிந்து போகிற பெண்களின் டார்ச்,
தார் முடிந்து மண் தொடங்குகிற விளிம்பு,
எருமை,
நெகமத்தில் பொள்ளாச்சிக்குத் திரும்புகிற இடம்.
வடசித்தூர் பலகையைப் பார்த்துத்தான்
பிரேக்கை மிதித்தேன்.
மூட்டை பெல்ட்டோடு முன்னால் சாய்ந்து
மறுபடி நேராக உட்கார்ந்தது.

மறுநாள் கடைக்காரர் கேட்டார்,
‘ஒண்ணுங்களா, ஜோடிங்களா?’
‘ஜோடி.’
இருபத்தொன்று, பதினெட்டு.
கண்ணாடிமேல் டவலை மடித்துப் போட்டுக்கொண்டு
நானே மாட்டினேன். இரண்டு டிக்.
பாட்டில் தண்ணீரை ஊற்றித் தட்டிவிட்டால்
ரெண்டும் சேர்ந்து கிறீச்சிட்டன,
ரப்பருக்கு மேலிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் உறையை
நான் உருவவே இல்லை.
மாடியில் துணி காயப்போட்ட வீட்டுக்காரம்மா சிரித்தார்.
உருவினேன்.
அப்புறம் சத்தமே இல்லை.

எதிர்வெயிலில் ஓட்டும்போது மட்டும்
கண்ணாடியில் வில்லாய் ஒரு கீறல் மின்னுகிறது.
அது போகாது. கடையில் கேட்டுவிட்டேன்.
கரடியைத் துவைத்து
மீட்டர் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்,
சாம்பிளுக்குச் சாம்பிள் முனையைத் துடைக்க.

அடுத்த வாரம் அந்த வழியாகப் போனேன்.
ஹாரன் அடித்ததும் குப்புராஜ் வெளியே வந்து
கண்ணாடியின் இடப்பக்கத்தைப் பார்த்தார்,
பிறகு இடது சீட்டை.
‘மூட்டை நல்லாருக்குதுங்களா?’