உச்சுக்கொட்டல்

நாலு ரோடு செல்போன் கடை இம்தியாஸ்
கட்டில் தலைமாட்டில் ஒரு கம்பியை வளைத்து
போனை அதில் மாட்டிவிட்டு
"அக்கா, ஒரு உச்சுக் கொட்டுங்க" என்றான்.
கொட்டினேன்.
பக்கம் புரண்டது.
அடிவயிறு வலிக்கச் சிரித்தேன் அன்றைக்கு.

விரல் பத்தும் உள்நோக்கி மடங்கி ஏழு வருஷம்.
டாக்டர் சீட்டில் அதற்கு நீளமாக ஒரு பேர் உண்டு.
எனக்கு அது 'அவள்'.
காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள்.

அதற்கு முன்பு காகிதம்தான்.
வாயில் கடித்த பென்சிலால் தள்ளினால்
ஒன்றோடு மூன்று தாள் சேர்ந்து போகும்.
கொலை நடப்பதற்கு முன்பே
கொலைகாரனைத் தெரிந்துகொண்டு
சும்மா படுத்திருப்பேன்.

இப்போதும் தொல்லை இல்லாமல் இல்லை.
கதையில் குழந்தை சாகும் இடத்தில்
என்னை அறியாமல் நாக்கு கொட்டிவிடும்;
அழுவதற்குள் அடுத்த பக்கத்தில் யாருக்கோ கல்யாணம்.
டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி வேறு.
அது சொன்னால் அப்பா திசை பார்ப்பார், பலன் பார்ப்பார்.
எனக்கு இரண்டு பக்கம் போச்சு.
"பின்னாடி" என்று சொன்னால் திரும்பி வரும்.
அது பல்லிக்குத் தெரியாது.

ஆடியிலிருந்து பாறை படிக்கிறேன்,
ராத்திரி ஒன்பது மணிக்கு, கரண்ட் இருந்தால்.
விடையை வாயால்தான் சொல்ல வேண்டும்.
தீப்பாறை என்றால் தீபாவளி என்று எழுதிக்கொள்கிறது.
'தீபாவளி மெதுவாகக் குளிர்ந்தால்
படிகங்கள் பெரிதாக வளரும்.'
திருத்தத் தெம்பில்லாமல் அப்படியே அனுப்பினேன்.
அரை மார்க் போட்டிருந்தார்கள்.

ஒருநாள் பாடத்தில் எங்கள் மலையே வந்தது.
சார்னோகைட்டாம்,
இருநூற்றைம்பது கோடி வருஷமாம்.
ஜன்னலைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.
அஸ்தம்பட்டி தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே
அதே சேர்வராயன்.
கடைசி பஸ்ஸின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு காணாமல் போய் வந்தது.
அசையாமல் கிடந்தே
இத்தனை வயசு சேர்த்திருக்கிறான் ஆள்.

நேற்று அம்மாப்பேட்டையிலிருந்து பங்கஜவல்லி அக்கா,
பை நிறையக் குண்டு மாம்பழம்.
உட்காரும் முன்பே என் கையைப் பார்த்தாள்.
ச்சு.
நாற்பத்தொன்று போய் நாற்பத்திரண்டு.
"பில்லு போட்டா மிஷின் தோத்துடும், அந்தக் கை."
ச்சு. ச்சு.
நாற்பத்து நான்கு.
நான் இன்னும் படிக்காத பக்கங்கள்.
"பின்னாடி" என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
அவள் கொட்டக் கொட்ட
மண்ணுக்கடியில் வெப்பம் ஏறியது, அழுத்தம் ஏறியது,
ஒரு கல் இன்னொரு கல்லானது.

"இன்னும் மூணு கொட்டுக்கா,
மலை படம் வந்துரும்."

முதலில் போனைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீதியைப் பல்லிதான் கொட்டியது.